நெஞ்சில் ஒட்டிய ஃபிலிம்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், மறதியும் உண்டு. நாலாம் வகுப்போடு நின்றவள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில் பம்பாய் தாராவியில் குடியிருந்துகொண்டு ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தேன். பிள்ளைகளுக்கு இதயத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே நெஞ்சுவரை கொண்டுபோவார்கள். அதற்குள் பிள்ளைமேல் எவ்வளவு எக்ஸ்ரே விழுகிறதோ என்று எங்கள் டாக்டருக்கு ஒரே கவலை. கறுப்புத் தாளில் சுற்றிய சின்ன ஃபிலிமை நெஞ்சில் ஒட்டச் சொல்வார். பிறகு அதை மருந்தில் கழுவினால், எவ்வளவு கறுத்திருக்கிறதோ அவ்வளவு எக்ஸ்ரே. ஒட்டுவதும் எடுத்துத் தருவதும் என் பொறுப்பு.

ஒருநாள் தாராவியிலேயே நம் ஊர்க்காரர்கள் இருக்கும் லேபர் கேம்ப் பகுதியிலிருந்து ஐந்து வயதுப் பெண் வந்தாள். எக்ஸ்ரேயை மறைக்கும் என்று இடுப்பில் இருந்த வெள்ளித் தாயத்தை நான் அவிழ்த்ததும் ஒரே அலறல். அவள் அம்மாவும் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். நான் நாலு பேர் முன் வாய் திறக்காதவள், அன்று எங்கிருந்து வந்ததோ, ஃபிலிமை ஒட்டிக்கொண்டே, "அழாத தாயி, இது டாக்டர் தாயத்து. அதவிட சக்தி!" என்றேன். அழுகை நின்றது.

குழாய் விட்டு முடிந்ததும் அடுத்த பிள்ளையைப் பிடிக்கக் கூப்பிட்டார்கள், ஃபிலிமை எடுக்க மறந்தேன். மறுநாளே அவர்களும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"மௌசி, ஃபிலிம் எங்கே?" என்று இந்தியில் கேட்டார் டாக்டர். ஆயாக்களை அவர் மௌசி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவார். "அவளுக்கு மறுபடியும் குழாய் விட வேண்டும். முதல் தடவை எவ்வளவு பட்டது என்று தெரியாமல் எப்படி?"

லேபர் கேம்புக்கு ஓடினேன். அம்மாக்காரி அதைச் சிவப்புத் துணியில் தைத்து, சாம்பிராணி காட்டி, பிள்ளையின் இடுப்பில் கட்டியிருந்தாள்.

"கெட்டுனத அவுக்கப்புடாதுக்கா. நீதான சக்தின்ன?"

"பொய் சொல்லிட்டேன் தாயி. அது எக்ஸ்ரே ஃபிலிம்."

"ரெண்டு நாளா எம்பிள்ள நல்லா சாப்புடுதாளே, அதுவும் பொய்யா?"

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, ஆஸ்பத்திரில தாயத்தும் விக்காவளா? எம் மாப்பிள்ளைக்கு ஒண்ணு வாங்கிக் குடு, குடிய நிறுத்தட்டும்!" இருவரும் சிரித்தார்கள்.

நான் வெட்கத்தை விட்டு, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மாக்காரி சிரிப்பை நிறுத்திவிட்டுப் பிள்ளையைப் பார்த்தாள். கயிற்றை அறுத்தாள்.

"அடுத்த தடவ டாக்டர் கையாலதான் ஒட்டணும். நீ ஒட்டப்புடாது, பொய்க்காரி!"

டாக்டர் பொட்டலத்தை மோந்து பார்த்து, காரணம் கேட்டார். தலை நிமிராமல் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். இருட்டறையில் தையலைப் பிரித்தபோது கறுப்புத் தாள் கிழியவில்லை, ஃபிலிமும் கெடவில்லை. அளவைக் குறித்துக்கொண்டார். மறுமுறை அவள் வந்தபோது அவரே ஒட்டினார். நான் தள்ளி நின்றேன்.

இரண்டு நாள் கழித்துக் கழுவினாலும் ஃபிலிம் சரியான அளவைக் காட்டுமா, நெஞ்சில் ஒட்டினோமா முதுகிலா என்பதெல்லாம் எனக்கு இப்போது குழப்பம். எக்ஸ்ரே வேலை தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.