கொட்டிவாக்கம் சிக்னலில் சில நொடிகள்

இக்னேஷியஸுக்கு வண்டி ஓட்டுவதுதான் பிடிக்கும். போய்ச் சேரும் இடத்தின் மேல் அவருக்குப் பெரிய அக்கறை இருந்ததில்லை. பதினொரு வருடமாக, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை விடிந்ததும் மந்தைவெளியிலிருந்து கிளம்பி, ஏதோ ஒரு கோட்டைக்கோ குடைவரைக்கோ போய்விட்டு மாலைக்குள் திரும்பிவிடுவார். மறுநாள் காலைப் பூசைக்கு மனைவி கிளாடிஸோடு கோயிலில் இருப்பார். வயது ஐம்பத்து நான்கு. நந்தனம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். பிப்பெட்டும் பியூரெட்டும் உடைந்தால் மாணவர்கள் முதலில் அவரிடம்தான் வருவார்கள்.

அவருடைய புல்லட்டில் பின்னால் உட்காருகிறவர் சந்திரமௌலி. மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் வயலின் சொல்லிக்கொடுப்பவர். இக்னேஷியஸின் மகள் கரோல் சின்ன வயதில் இரண்டு வருடம் அவரிடம் படித்தாள். வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருந்த அப்பாவும் வாத்தியாரும் பேசப் பேசச் சிநேகிதர்கள் ஆனார்கள். கரோல் வயலினை விட்டுவிட்டாள், பேச்சு நிற்கவில்லை. சந்திரமௌலிக்குப் பழைய கல்வெட்டுகள் என்றால் உயிர். ஆனால் வண்டி ஓட்ட மாட்டார். விரலில் அடிபட்டால் பிழைப்பு போய்விடும் என்று பயம். மூன்றாமவர் ஹபீபுர் ரஹ்மான். தி. நகரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவர் தன் வண்டியில், பின் இருக்கையில் சாப்பாட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டு வருவார். மற்ற இருவருக்கும் அவர் 'பாய்'.

இடம் வந்ததும் சந்திரமௌலி டார்ச் விளக்கோடு உள்ளே போவார். ரஹ்மான் நிழல் தேடிப் பாயை விரிப்பார். இக்னேஷியஸ் வண்டியைத் துடைத்துக்கொண்டு வெளியிலேயே நிற்பார்.

"உள்ள வந்து ஒரு தடவை பாரேன்" என்று சந்திரமௌலி கூப்பிட்டால், "கல்லு எங்க போயிடப் போவுது, மௌலி? நீ பாத்துட்டு வா" என்பார்.

சென்ற ஆண்டு ஜூலையில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்குப் போனார்கள். திரும்பும் வழியில் கொட்டிவாக்கத்தில் சிவப்பு விழுந்தது. இக்னேஷியஸ் வண்டியை நிறுத்தி இரண்டு காலையும் ஊன்றினார். முன்னால் நின்ற பேருந்தின் பின்பக்கம் மங்கியது. பிறகு எல்லாமே இருட்டாயிற்று. காதுக்குள் ஒரே இரைச்சல். பார்வை திரும்பியபோது சிக்னல் பச்சையாக இருந்தது. பின்னால் ஹாரன்கள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்திருந்தது. சந்திரமௌலி அவர் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன இக்னி, தூங்கிட்டியா?"

"வண்டி ஆஃப் ஆயிடுச்சு மௌலி. கார்புரேட்டர்ல இன்னாவோ அடைப்பு கீது."

அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. மறுவாரம் மெக்கானிக்கிடம் போய், நன்றாக இருந்த கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வைத்தார். தன் பொய்யைத் தானே நம்புவதற்கு அது கொஞ்சம் உதவியது.

ஆகஸ்டில் ஆய்வகத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. செப்டம்பரில் வீட்டு மாடிப்படியில். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று, தெளிந்ததும் ஏறிப் போனார். கிளாடிஸிடம் சொல்லவில்லை. சொன்னால் வண்டிச் சாவி அன்றைக்கே அவள் கைப்பைக்குள் போய்விடும் என்று தெரியும். வெயில், தூக்கமின்மை, வயசு என்று ஒவ்வொரு தடவைக்கும் ஒரு காரணம் கிடைத்தது. அந்த இரண்டு மாதமும் சனிக்கிழமை பயணத்தை அவர் நிறுத்தவில்லை. சாலையின் இடது ஓரமாக, மெதுவாக ஓட்டினார். "இன்னா நைனா, மாட்டு வண்டி ஓட்டிக்கினு வர்றியா?" என்று ரஹ்மான் கேலி செய்தார். மெதுவாகப் போவதே போதுமான ஜாக்கிரதை என்று இக்னேஷியஸ் தனக்குள் சொல்லிக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்த சந்திரமௌலி, வழக்கம்போல் ஒரு கையால் அவர் தோளைப் பிடித்தபடி, ஏதோ ராகத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

அக்டோபரில் ஆலம்பரைக் கோட்டை. இடிந்த செங்கல் சுவர்களுக்கு அந்தப் பக்கம் உப்பங்கழி, அதற்கப்பால் கடல். வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிய இக்னேஷியஸ் நாலடி நடந்தார். ஐந்தாவது அடிக்குக் கால் எழவில்லை. முகம் குப்புற விழுந்தார். மோவாய் கிழிந்து மணலெல்லாம் ரத்தம். சுற்றிப் பார்க்க வந்திருந்த ஒரு குடும்பத்தின் காரில் ரஹ்மான் அவரை ஏற்றினார். வழியெல்லாம் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் சந்திரமௌலி.

மருத்துவமனையில் ஒரு நாள் முழுக்க மார்பில் கம்பிகளை ஒட்டிப் பார்த்தார்கள். இதயத் துடிப்பு நடுநடுவே சில நொடிகள் நின்று நின்று போகிறது, பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார் டாக்டர் லாவண்யா. கட்டிலைச் சுற்றி கிளாடிஸும் இரண்டு நண்பர்களும் நின்றார்கள்.

"இதுக்கு முன்னாடி இப்படிக் கண்ணு இருட்டினது உண்டா?"

"இல்ல டாக்டர். இதான் முதல் தடவை" என்றாள் கிளாடிஸ்.

இக்னேஷியஸ் மேல்கூரையைப் பார்த்தபடி இருந்தார். டாக்டரிடம் பொய் சொன்னால் அது உயிரோடு விளையாட்டு என்று புரிந்தது. "மூணு தடவை" என்றார்.

"எப்ப?"

"போன மாசம் மாடிப்படில. அதுக்கு முன்னாடி லேப்ல." கொஞ்சம் நிறுத்தினார். "முதல் தடவை ஜூலைல. கொட்டிவாக்கம் சிக்னல்ல. வண்டி மேல."

கிளாடிஸ் அவரையே பார்த்தாள். மாதங்களை எண்ணுவதுபோல சந்திரமௌலியின் இடது கை விரல்கள் அசைந்தன. பிறகு ரஹ்மானிடம், "நான் கிளம்பறேன் பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

பேஸ்மேக்கர் வைத்தாயிற்று. இடது தோளுக்குக் கீழே சின்னத் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு. டாக்டர் சொல்லும்வரை வண்டியைத் தொடக்கூடாது. கிளாடிஸ் திட்டவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு, நான்காம் நாள் மாத்திரையை நீட்டும்போது, "என்கிட்ட மறைச்சதைக் கூட விடுங்க. மௌலி சாருக்கும் பொண்டாட்டி இருக்காங்க" என்றாள்.

ரஹ்மான் வாரம் ஒருமுறை வந்து போனார். சந்திரமௌலி வரவில்லை, போன் செய்தாலும் எடுக்கவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நவம்பர் கடைசியில் ஒரு மழை விட்ட காலையில் இக்னேஷியஸ் மந்தைவெளியிலிருந்து நடந்தே அவர் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவர் சந்திரமௌலியின் மனைவி விசாலாக்ஷி.

"ஆத்துலதான் இருக்கார். பாடம் நடந்துண்டிருக்கு. உக்காருங்கோ" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட சொல்லலாமா தெரியலை. தூக்கத்துல காலை உதறிக்கறார். வண்டிலேர்ந்து விழறாப்பல சொப்பனமாம். முன்னெல்லாம் கிடையாது."

பாடம் முடிந்து பிள்ளைகள் போனதும் சந்திரமௌலி வெளியே வந்தார். எதிரே உட்கார்ந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார், பதிலைக் கேட்டுக்கொண்டார்.

"தப்புப் பண்ணிட்டேன் மௌலி. மன்னிச்சுக்க."

"விழுந்திருந்தா செத்திருப்போமேன்னு எனக்குக் கோபம் இல்லை, இக்னி. ரோடுல யாருக்கு வேணா என்ன வேணா ஆகும்." சந்திரமௌலி நிதானமாகத்தான் பேசினார். "நீ சொல்லியிருந்தா, ஒருவேளை அப்பவும் உன் பின்னாடி ஏறியிருப்பேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனா அது என் பைத்தியக்காரத்தனமா இருந்திருக்கும். நீ என்னைக் கேக்கவே இல்லையே. என் உயிருக்கும் சேர்த்து நீயே முடிவு பண்ணிண்டுட்டே."

இக்னேஷியஸ் தரையைப் பார்த்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த சமாதானங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசியில் வந்தது, அவர் தன்னிடமே ஒத்துக்கொள்ளாதது.

"சொன்னா நீ பாய் வண்டில ஏறிடுவ. அதான் சொல்லல."

சந்திரமௌலி அவரை ஏறிட்டுப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. எழுந்து உள்ளே போய்விட்டார். விசாலாக்ஷி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு இக்னேஷியஸ் திரும்பினார்.

திரும்பும் வழியில் அந்தக் கால் உதறல்தான் அவர் மனதில் இருந்தது. விழுந்து மோவாய் கிழிந்தது தனக்கு, தையல் பிரித்து ஆறியும் விட்டது. விழாத ஒரு மனிதர் தினமும் விழுந்துகொண்டிருக்கிறார்.

ஜனவரியில் ரஹ்மான் தானாகவே ஒரு ஏற்பாடு செய்தார். அவருடைய தங்கை மகள் புஷ்ரா அடையாறில் ஒரு கட்டட வரைவு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். சொந்தமாகப் பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறாள், நன்றாக ஓட்டுவாள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் மாமண்டூர் குடைவரைக்குப் போவது, சந்திரமௌலி ரஹ்மான் வண்டியில், இக்னேஷியஸ் புஷ்ரா வண்டியில் என்று முடிவானது.

"ரெண்டு பேரும் பேசிக்கணும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் ரஹ்மான். "பிரியாணி மட்டும் மூணு பேருக்கு எடுத்துக்கினு வரேன். மௌலிக்குத் தனியா தயிர் சாதம்."

கிளம்பும்போது சந்திரமௌலி தலையை மட்டும் அசைத்தார். இக்னேஷியஸ் வாழ்க்கையில் முதல் முறையாகப் பின்னிருக்கையில் உட்கார்ந்தார். கிண்டி தாண்டுவதற்குள்ளேயே அவருக்கு வேர்த்துவிட்டது. லாரி குறுக்கே வந்தபோதெல்லாம் வலது கால் தானாகக் கீழே அமுங்கியது.

"அங்கிள், கால அமுத்தாதீங்க. அங்க பிரேக் இல்ல" என்றாள் புஷ்ரா.

புஷ்ரா சரியாகத்தான் ஓட்டினாள். அவருக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் என்ன பார்க்கிறாள், எப்போது நிறுத்துவாள், உடம்பு நன்றாக இருக்கிறதா, காலையில் சாப்பிட்டாளா, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. தெரியாமலே அவள் முதுகை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. பதினொரு வருடம் சந்திரமௌலி இப்படித்தான் உட்கார்ந்திருந்தார், ராகம் முணுமுணுத்துக்கொண்டு. ஸ்ரீபெரும்புதூர் வரும்போது இக்னேஷியஸ் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். வெயிலும் காற்றும் நல்ல சாக்காயின, யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமண்டூரில் பெரிய ஏரி. அதன் ஓரத்துக் குன்றில் வரிசையாகக் குடைந்த மண்டபங்கள். துடைப்பதற்குத் தன் வண்டி இல்லாததால் இக்னேஷியஸும் மற்றவர்களோடு ஏறினார். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. தூண்களுக்கு அந்தப் பக்கம் சுவரில் சந்திரமௌலி விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நேராக அடித்தால் ஒன்றுமில்லாத பாறை. சாய்த்துப் பிடித்தபோது எழுத்துகள் எழுந்து வந்தன. பாதிக்கு மேல் உதிர்ந்துபோயிருந்தன.

புஷ்ராவும் ரஹ்மானும் அடுத்த மண்டபத்துக்குப் போனார்கள். இக்னேஷியஸ் அங்கேயே நின்றார்.

"நீ வெளிய வர்றப்பல்லாம் இன்னாவோ சொல்ல வருவ" என்றார் மெதுவாக. "நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணிடுவேன்."

"ஆமாம்" என்றார் சந்திரமௌலி.

"இதுல இன்னா எழுதிக்கீது?"

சந்திரமௌலி விளக்கை ஒரு வரியின் மேல் நகர்த்தினார். "இதுல சங்கீதத்தைப் பத்தி ஏதோ இருக்குன்னு சொல்றா. நான் இங்க வர்றது நாலாவது தடவை. இன்னும் முழுசா ஒரு வரி புடிபடலை." அவர் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டிக்கொண்டு போனார். இக்னேஷியஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கடைசி எழுத்து வரை கூடவே நகர்ந்தார். இறங்கும்போது படியில் பாசியைப் பார்த்து, "பாத்து வா" என்றார் சந்திரமௌலி. அவர்களுக்குள் அன்றைக்கு வேறு பேச்சு இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு பயணம் அதே மாதிரி போனது. ஏப்ரல் மாதப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது, வண்டி ஓட்டலாம் என்றார் டாக்டர் லாவண்யா. கிளாடிஸ் அதை டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு சாவியைக் கொடுத்தாள். அன்று மாலையே இக்னேஷியஸ் மருத்துவமனைக் காகிதங்களை எடுத்துக்கொண்டு சித்திரக்குளத்துக்குப் போனார். காகிதங்களை முன்னால் வைத்தார்.

"டாக்டர் இன்னா சொன்னாங்கன்னு எல்லாம் இதுல கீது. படிச்சுப் பாரு. என் பின்னாடி உக்காருவியா? இப்பவே சொல்லணும்னு இல்ல."

சந்திரமௌலி ஒரு வரி விடாமல் படித்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

மூன்று வாரம் யோசித்தார். அப்புறம் அவரே மந்தைவெளிக்கு வந்து, கிளாடிஸ் முன்னாலேயே சொன்னார். "என்னால முடியலை இக்னி. உன் மேல வருத்தம் ஒண்ணும் பாக்கி இல்லை. ஆனா ஏறி உக்காரணும்னு நினைச்சாலே உடம்பு உதறறது. நான் பாய் கூட வரேன். சனிக்கிழமைப் பயணம் நிக்க வேண்டாம்."

இக்னேஷியஸ் சரி என்றார். வற்புறுத்தவில்லை. கேட்டதற்கு ஒருவர் மாட்டேன் என்று சொல்லலாம் என்பதைப் புரிந்துகொள்ள அவருக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகியிருந்தது. வலித்தது, ஆனால் அந்த வலி நியாயமாகப்பட்டது.

மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை மூவரும் செஞ்சிக்குக் கிளம்பினார்கள். ரஹ்மான் வண்டி முன்னால் போனது, பின்னிருக்கையில் சந்திரமௌலி. சாப்பாட்டுக் கூடை இப்போது புல்லட்டின் பின்னால் கட்டியிருந்தது. இக்னேஷியஸ் கொஞ்ச தூரம் விட்டுத் தொடர்ந்தார். தாம்பரம் கழிந்து சாலை விரிந்ததும் சந்திரமௌலி ரஹ்மானின் தோளைப் பிடித்தபடி மெல்லத் திரும்பிப் பார்த்தார். புல்லட் வருகிறதா என்று பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். செங்கல்பட்டு வருவதற்குள் அப்படி நான்கு தடவை பார்த்தார். ஒவ்வொரு முறையும் இக்னேஷியஸ் முகப்பு விளக்கை ஒருதரம் போட்டு அணைத்தார்.