பதினேழாம் நம்பர் வேர்

"இழுக்காதீங்கக்கா, அறுந்துடும். தண்ணியில வெச்சு அலசுங்க!" என்று தூரத்திலிருந்து கத்தினாள் அருள்மொழி.

பாஞ்சாலை நெற்செடியை வாளியில் முக்கி முக்கி எடுத்தாள். மண் கரைந்தது. வேர் வாரிவிட்ட முடி போல நேராகத் தொங்கியது. ஒரு முடிச்சு இல்லை.

"மேடம், பதினேழு சுத்தம்!"

ஆராய்ச்சியாளர் அருள்மொழி வலைக்கூடத்தின் மறுகோடியிலிருந்து ஓடிவந்து, லென்ஸில் பார்த்து, அவளுடைய ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

கண்ணுக்குத் தெரியாத நூற்புழு புகுந்தால் நெல்லின் வேர் கொக்கி கொக்கியாக வீங்கிவிடும். நாற்பது நாட்களுக்கு முன் எல்லாத் தொட்டிகளிலும் புழுவை விட்டிருந்தார்கள். தாக்குப்பிடிக்கும் செடியின் விதை வயலுக்குப் போகும். மற்றது குப்பைக்கு. இருபத்து மூன்று கலப்பு ரகங்கள் அருள்மொழி செய்தவை. பதினேழாம் நம்பர் மட்டும் பாஞ்சாலை கத்தரியால் பூ நறுக்கி, மகரந்தம் தூவி உண்டாக்கியது. அதற்கு முன் இருபது வருடம் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியவள்.

அந்தப் பழக்கம் விடவில்லை. விரலில் ஒட்டிய மண்ணை நாக்கில் வைத்தாள்.

"மேடம்... கரிக்குது."

"என்னக்கா சொல்றீங்க?"

"தொட்டிக்கு மணல் நான்தான கொணாந்தேன். சலிச்ச மாதிரி இருந்துச்சேன்னு உப்புப் பாத்திக் கரையில அள்ளிட்டேன்."

அருள்மொழி குதிப்பதை நிறுத்தினாள். புழு உப்பில் செத்திருந்தால் பதினேழுக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை.

வாட்ச்மேன் அசோகன் எட்டிப் பார்த்தான். "புழுவையே கருவாடா போட்டுட்டியா, பாஞ்சால?"

"வாய மூடுயா. மேடம், அந்த நோஞ்சானப் புடுங்கிப் பாக்கலாம். அதுக்கும் இதே மணலுதான்."

நோஞ்சான், எந்தப் புழுவுக்கும் இடம் கொடுக்கும் ரகம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்தது. அதன் வேரும் சுத்தமாக இருந்தால் சோதனையே செல்லாது.

மூன்று தலைகளும் வாளிமேல் கவிழ்ந்தன.

"புழுவே, உயிரோட இருப்பா," என்றான் அசோகன்.

மண் கரைந்தது. வேர் நுனியெல்லாம் கொக்கி. பூந்தியை ஒட்டவைத்ததுபோல வீக்கம்.

"வியாதி வந்துடுச்சி மேடம்! நல்லா வந்துடுச்சி!"

அருள்மொழி மறுபடி குதித்தாள். பாஞ்சாலை வாளியைத் தூக்கி அசோகன் தலையில் கவிழ்த்தாள்.

"ஏம்மா, இதுல புழு இருக்குது!"

"உன்ன இன்னா பண்ணும்? நீ இன்னா நெல்லா?"

மறுநாள் எட்டு மணிக்கு பாஞ்சாலை வந்தாள். சோதனையை மறுபடி செய்ய ஒரு டிராக்டர் ஏரி மணல் வந்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரிக்கவில்லை. அறுபது தொட்டிகளை நிரப்பி, ஐம்பதில் பதினேழு என்றும் பத்தில் நோஞ்சான் என்றும் எழுதினாள். ஐந்தரை பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.