பொருந்தாத இரண்டு பாதிகள்

விசுவமடுவில் காணி கிடைத்து நாங்கள் குடியேறிய இரண்டாம் வருடம் நான் நெசவு நிலையத்துக்குப் போகத் தொடங்கினேன். தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டில், ஆறு தறிகள், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு ரீச்சர். சாரமும் துவாயும் நெய்தோம். ஒரு வருடத்துக்குள் என் துவாயை எடுத்து மற்றவர்களுக்குக் காட்டி, இப்படி நெய்ய வேண்டும் என்று ரீச்சர் சொல்லுமளவுக்கு வந்துவிட்டேன். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த ஐப்பசியில் கிளிநொச்சி ஆசுபத்திரியிலிருந்து, பிள்ளை பெறும் பெண்களுக்கென்று பன்னிரண்டு போர்வைகள் கேட்டார்கள். மார்கழிக் குளிருக்கு முன் கொடுத்துவிட வேண்டும். எங்கள் தறிகள் ஒடுங்கியவை. ஒரு போர்வையை இரண்டு பாதியாக நெய்து நடுவில் சேர்த்துத் தைத்தால்தான் அகலம் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு பாதியை நெய்ய என்னிடம் தந்த ரீச்சர், மற்றப் பாதியை, நிலையத்துக்கு வரத் தொடங்கி நாலு மாதமே ஆன ஒரு பெண்ணிடம் கொடுத்தா. முள்ளிவாய்க்காலில் கடற்றொழில் செய்யும் வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவள் அவள். உழவு மிஷின் ஓட்டும் ஒருவரைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்திருந்தாள். வலை பின்னுகிற வீட்டுப் பெண்ணுக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்குள் ஒரு நினைப்பு. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மத்தியானத்தில் அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து என் பக்கம் நீட்டும்போதெல்லாம் பசியில்லை என்று சொல்லிவிடுவேன்.

நீளப் போகும் பாவுக்கு மெல்லிய நூல், குறுக்கே போகும் ஊடைக்குத் தடித்த நூல் என்று பிரித்து அனுப்பியிருந்தார்கள். தடித்த நூல் கட்டுகளை இருவரும் பங்கிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு ரீச்சர் கந்தோர் அறைக்குள் போய்விட்டா. நான் முந்திக்கொண்டேன். கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே நம்பர்தான் ஒட்டியிருந்தது. ஆனால் உள்ளே இருந்த நூல் ஒன்றில்லை. சில கட்டுகளில் நூல் இறுக்கமாக முறுக்கி, வழவழவென்று ஒரே சீராக இருந்தது. மற்றவற்றில் முறுக்குத் தளர்ந்து, ஓரிடம் பருத்து ஓரிடம் மெலிந்து, விரலில் பஞ்சு ஒட்டியது. வழவழப்பானதையெல்லாம் என் தறிக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவளுக்கு விட்டேன். அவள் அதை அள்ளிக்கொண்டு போனாள்.

முதற் போர்வையைத் தைத்து, வாய்க்காலில் அலசிக் காயப்போட்டோம். பின்னேரம் எடுத்துப் பார்த்தால் நடுத் தையல் சுருங்கிப் பாம்பு ஊர்ந்த தடம் போல் வளைந்து கிடந்தது. என் பாதி அங்கங்கே சுருண்டு, அரைச் சாண் குறுகித் தையலை இழுத்திருந்தது. அவளுடையது அப்படியே இருந்தது. என்ன நடந்தது என்று ரீச்சர் கேட்டு முடிக்கவில்லை, நான் சொல்லிவிட்டேன்.

“இவ நூலை நெருக்காமல் தளர அடிச்சிருக்கிறா ரீச்சர். அதுதான் பொருந்தேல்லை.”

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். அவளுடைய பாதியைத் திரும்ப நெய்யும்படி ரீச்சர் சொல்லிவிட்டா.

அடுத்த நாள் நான் நேரத்தோடு போய்விட்டேன். கொட்டிலில் வேறு ஒருவரும் இல்லை. பிரித்த இரண்டு பாதிகளும் கொடியில் தொங்கின. இரவு மழை பெய்து காற்றில் ஈரக் குளிர் இருந்தது. என் பாதியை எடுத்துத் தோளில் போட்டேன். நெல்லுச் சாக்கைப் போர்த்தியது போல் விறைத்துக்கொண்டு நின்றது, கழுத்தை உரசியது. பிறகு அவளுடையதைப் போட்டேன். அது உடம்போடு படிந்தது. சற்று நேரத்தில் சூடு ஏறியது. இறுக்கி முறுக்கிய நூல் தண்ணீர் பட்டதும் சுருங்கிவிட்டது என்பதும், நான் கழிவென்று ஒதுக்கிய பஞ்சு நூல்தான் போர்வைக்கானது என்பதும் அப்போதுதான் விளங்கியது. பிள்ளை பெற்றுக் களைத்துக் கிடக்கும் ஒருத்தியின் மேல் என் பாதியைப் போட நினைத்தேனே என்று வெட்கமாக இருந்தது.

அவள் வந்தபோது அவளுடைய பாதியைப் போர்த்தபடியே நின்றேன். நல்ல நூல் என்று நினைத்து நான்தான் முதலில் பொறுக்கி எடுத்தேன், பிழை என்னுடையது என்று சொன்னேன்.

“தெரியும் அக்கா. நீங்கள் எடுக்கேக்கை நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்.”

“அப்ப ஏன் ரீச்சரிட்டைச் சொல்லேல்லை?”

“சொன்னா உங்கடை நூலிலை அரைவாசியை எனக்கு மாத்தித் தருவா. எனக்கு இந்த நூல்தான் விருப்பம். நீங்கள் விட்டுட்டுப் போனது எனக்குச் சந்தோசமாயிருந்துது.” சாப்பாட்டுப் பெட்டியைக் கீழே வைத்தாள். “ஆனா நேற்றுச் சொன்ன கதைதான் சரியில்லை.”

ரீச்சர் வந்ததும் அவளுக்கு முன்னாலேயே உண்மையைச் சொன்னேன். ரீச்சர் என்னை ஏசவில்லை. இனி நூலை என்ன செய்யப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டா.

நாங்கள் எல்லாக் கட்டுகளையும் பாய் விரித்து அதில் கொட்டினோம். ஒவ்வொன்றிலும் ஒரு முழம் நூல் எடுத்து விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்து, தண்ணீரில் நனைத்து எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்து, இரண்டு குவியலாக்கினோம். பஞ்சு நூல் பன்னிரண்டுக்கும் காணாது. அப்போது அவள் ஒரு வழி சொன்னாள். அவர்கள் வீட்டு வலையில் நடுப்பகுதிக்கு மெல்லிய நூலும், இழுவை விழும் விளிம்புக்கு இறுக்கி முறுக்கிய கயிறும் போடுவார்களாம். அதன்படி இறுக்கமான நூலை முதலே தண்ணீரில் ஊறவைத்துச் சுருக்கிக் காயவிட்டு, இரு தலைப்புக்கும் அதைப் போட்டோம். நடுவில் முழுக்கப் பஞ்சு நூல். கட்டுகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தோம். ஊடை நூலை நெருக்கும் சட்டத்தை ஓங்கி அடிக்கும் என் கைப்பழக்கத்தை மாற்றத்தான் ஒரு கிழமை பிடித்தது. நான் பலமாக அடிக்கும்போதெல்லாம் அடுத்த தறியிலிருந்து மெல்ல ஒரு இருமல் வரும்.

அந்தக் கிழமைதான் அவள் நீட்டிய புட்டையும் மீன் குழம்பையும் வாங்கிச் சாப்பிட்டேன். புளி சற்றுக் கூட. அதையும் சொன்னேன். சிரித்தாள்.

மார்கழி பிறக்க நாலு நாள் இருக்கும்போது அவளுடைய புருஷனின் உழவு மிஷின் பின்பெட்டியில் போர்வைகளை ஏற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் கிளிநொச்சிக்குப் போனோம். நேர்ஸ் அம்மா ஒன்றை விரித்து, தையல் எங்கே என்று தேடினா. அவ தேடிக்கொண்டே நின்றது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

திரும்பி வரும் வழியில், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து நெய்யும் அகலத் தறி ஒன்று கேட்டால் என்ன என்று அவள் கேட்டாள். ரீச்சரிடம் சொன்னோம், அவ மேலிடத்துக்கு எழுதிப் போட்டா. அடுத்த சித்திரையில் தறி வந்து இறங்கியது. இந்த முனையிலிருந்து ஊடை நூல் சுற்றிய நாடாவை நான் வீசுவேன், அந்த முனையில் அவள் பிடித்துத் திருப்பி வீசுவாள். முதல் நாளே நான் பலமாக வீசியதில் நாடா கொட்டிலுக்கு வெளியே போய் விழுந்தது.