பாஞ்சாலையின் கும்பிடு

பாஞ்சாலைக்கு வஞ்சம் வைக்கத் தெரியும் என்பது அவள் புருஷன் சடையனுக்கே கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை அவள் ஜவ்வாது மலையில் சாமை விதைத்தாள், புளி உலுக்கினாள், செங்கம் சந்தைக்கு இறங்கிப் போய் வந்தாள். யாரிடமும் ஒரு சுடுசொல் பேசியவள் இல்லை. அவளை மாற்றியது ஒரு பொம்மை.

எண்பதுகளின் தொடக்கம். செங்கத்தில் ஜவுளிக்கடையும் புளிமண்டியும் வைத்திருந்த ராஜவேலு, கடை வாசலில் கரண்டில் ஓடும் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆள் உயரம், பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. கை கூப்பும், தலை தாழ்த்தும், நிமிரும், மறுபடி கூப்பும். புளிக்கூடையோடு அந்தப் பக்கம் வந்த பாஞ்சாலை, யாரோ பெரிய இடத்து அம்மா தன்னைக் கும்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டாள்.

அவள் ஊரில் கும்பிட்டவர் கையை இறக்கும்வரை எதிரில் நிற்பவர் இறக்கக் கூடாது. இறக்கினால், உன் மரியாதை எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். பாஞ்சாலை கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பதிலுக்குக் கும்பிட்டாள். அந்த அம்மா மறுபடி கும்பிட்டாள். இவளும் கும்பிட்டாள். அந்த அம்மா விடுவதாக இல்லை.

"நல்லா கீறீங்களாம்மா?" என்று கேட்டும் பார்த்தாள். அதற்கும் ஒரு கும்பிடுதான் வந்தது. அப்போதுதான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை. உதடு சிரித்தது, கன்னம் அசையவில்லை. மூச்சே இல்லை. அவள் சாமைக் கொல்லையிலும்தான் குருவி விரட்டச் சட்டித்தலைப் பொம்மை நிற்கிறது. அது பொம்மை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும், பயமில்லை. இது முக்கால்வாசி ஆளாக இருந்துகொண்டு மிச்சத்தில் பிணமாக இருந்தது. ஓடிவிடலாம் என்றால் கையை இறக்க மனம் வரவில்லை. நடுங்கிக்கொண்டே கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

ராஜவேலு இதைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லி அவளை விடுவித்திருக்கலாம். அந்த மனுஷன் தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது.

"தொட்டுப் பாரும்மா, கடிக்காது. உங்க மலையில கீறவங்களவிட இதுக்குப் புத்தி ஜாஸ்தி" என்றார்.

அன்றிலிருந்து சந்தையில் அவளுக்குப் 'பொம்மைக் கும்பிடு' என்று பேர். அவள் தலையைக் கண்டால் போதும், ராஜவேலு கல்லாவை விட்டு எழுந்து வந்து கையைக் கூப்பிக் கூப்பி ஆடிக் காட்டுவார். அந்தப் பேர் மலையேறி அவள் ஊருக்கும் வந்தது. கல்யாணம் காட்சி என்று போனால், பந்தியில் உட்காரும் முன்பே யாராவது கும்பிட்டுச் சிரித்தார்கள். அவள் சோறு தின்னாமல் எழுந்து வந்தாள்.

"வுட்டுத் தொலை" என்றான் சடையன்.

"வுடமாட்டேன். அவன் கை நடுங்கணும். நான் பாக்கணும்" என்றாள்.

ஐப்பசியில், காய்ப்பைப் பார்த்துப் புளிய மரங்களைக் குத்தகை பேச ராஜவேலு மலையேறுவார். அவளுடைய கொல்லையைத் தாண்டித்தான் தோப்புக்கு வழி. கொல்லையில் காவலுக்குப் போட்ட பரணில் பன்றி விரட்ட ஒரு கயிறு உண்டு. குடிசையிலிருந்து இழுத்தால் தகர டப்பாக்கள் சத்தம் போடும். பாஞ்சாலை டப்பாக்களைக் கழற்றினாள். வைக்கோலில் ஒரு பெண்ணைக் கட்டித் தன் புடவையைச் சுற்றினாள். முகத்துக்கு வெள்ளைத்துணி, கண்ணுக்குக் கரி, தலைக்குச் சீப்பில் கழிந்து அவள் சேர்த்து வைத்திருந்த சொந்த முடி. இமை மட்டும் வரையவில்லை. பொம்மையைப் பரணில் நிறுத்தி, கயிற்றை அதன் கைகளில் கட்டினாள். கட்டி முடித்ததைப் பார்த்த சடையன் அந்தப் பக்கமே போகவில்லை.

பொழுது சாயும் நேரம். ராஜவேலு கணக்குப்பிள்ளை கோபால்சாமியோடு வந்தார். பரணில் ஒரு பெண் கும்பிட்டாள்.

"கும்புடு இருக்கட்டும்மா. தோப்புல ஆளுங்க கீறாங்களா?"

அவள் மறுபடி கும்பிட்டாள்.

"உன்னத்தான் கேக்கறேன். காது கேக்கலியா?"

மறுபடி கும்பிட்டாள். ராஜவேலு எரிச்சலோடு பரணில் சாத்தியிருந்த ஏணியில் ஏறினார். கை எட்டும் தூரத்தில் அந்த முகத்தைப் பார்த்தார். காற்றில் முடி பறந்து அவர் வாயில் பட்டது. பாஞ்சாலை கயிற்றை வெடுக்கென்று இழுத்தாள். வைக்கோல் கை அவர் மார்பில் விழுந்தது.

அலறிக்கொண்டு ஏணியோடு கீழே விழுந்தார். வேட்டி முள்வேலியில் மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார். குடிசைக்குள் பாஞ்சாலை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை நாள் எரிந்த வயிறு குளிர்ந்தது. ஆனாலும் பாதிதான் குளிர்ந்தது.

மிச்சத்தைத் தை மாசம் தீர்த்தாள். மலையிலிருந்து வந்த நாளிலிருந்து ராஜவேலுவால் தன் கடைப் பொம்மையின் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். அதைக் கோணியில் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார். பொங்கல் வியாபாரத்துக்கு வாசலில் அவரே நின்று வருகிறவர்களை எல்லாம் கும்பிட்டார். பாஞ்சாலை நல்ல புடவை கட்டிக்கொண்டு, கூட்டம் நெரிகிற வேளை பார்த்து, அவருக்கு நேர் எதிரே போய் நின்றாள். அவளைக் கண்டதும் அவர் முகம் செத்தது. கூப்பிய கை நடுங்கியது. கூட்டத்துக்கு முன்னால் கையை இறக்கவும் முடியவில்லை.

பாஞ்சாலை கையை உயர்த்தவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே இருந்த கோபால்சாமியைச் சத்தமாகக் கேட்டாள்.

"இன்னாங்க, இது ஆளா, பொம்மையா?"

முதலில் சிரித்தது கோபால்சாமிதான். பிறகு தெருவே சிரித்தது. பாஞ்சாலை எதிர்க்கடைக்குப் போய்ப் புடவை எடுத்தாள்.