ஸஜ்தாவும் முள்ளம்பன்றியும்

கொரோனா ஓய்ந்த அடுத்த வருடம், மார்கழிக் குளிர் இன்னும் விடாத ஒரு விடியற்காலையில், துறையூருக்கு மேலே பச்சைமலையில் நடந்தது இது.

அப்போதுதான் என் கணவர் வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாகத் திருச்சிக்குத் திரும்பியிருந்தார். மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. பாலக்கரை வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கல்யாணமான நாளிலிருந்து அவர் லீவில் வருவதும் போவதுமாகவே இருந்ததால், சேர்ந்து வாழ எங்களுக்குத் தெரியவில்லை. டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்பேன், போதும் என்பார். அதற்கு மேல் பேச்சு நகராது. சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஒருநாள் அவரே, “ரெண்டு பேரும் எங்கயாவது மலைப் பக்கம் போய் வெட்டவெளியில படுத்துட்டு வரலாமா? அங்க பாலைவனத்துல அப்படிப் படுப்போம்” என்றார். இந்த வயதில் இது என்ன கூத்து என்று சிரித்தேன். ஆனால் அவர் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். சரி என்றேன்.

மருமகனின் கூடாரத்தை வாங்கிக்கொண்டு காரில் கிளம்பினோம். ஸ்ரீரங்கம், டோல்கேட் எல்லாம் தாண்டி மலை ஏறும்வரை வழிநெடுக அவர் ரோட்டையும் நான் ஜன்னலையும்தான் பார்த்துக்கொண்டு வந்தோம். மேலே ஒரு மரவள்ளிக் காட்டின் ஓரத்தில் தங்க இடம் கொடுத்தார் அந்தக் காட்டுக்காரம்மா. “முள்ளம்பன்னி கெழங்கு தின்ன வருங்க. முள்ளை எறியும்பாங்க, அதெல்லாம் பொய். ஆனா பயந்துச்சுன்னா பின்பக்கமாவே வந்து குத்திப்புடும். பார்த்தா அசையாம இருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராத்திரி நன்றாகவே தூங்கினோம். சுபுஹு என்ற விடியற்காலைத் தொழுகைக்கு இருவரும் எழுந்தோம். நான் கூடாரத்துக்குள்ளேயே தொழுது முடித்து வாசல் துணியை விலக்கினேன். வெளியே பனி புகைபோல் தரையை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் எனக்கு முதுகு காட்டி, மேற்கே பார்த்துத் தொழுதுகொண்டிருந்தார். விரிப்புக்குப் பின்னால் அவருடைய தோல் செருப்பு. மலை, மரங்கள், அவர், எல்லாமே பாலில் மிதப்பது போல இருந்தன.

அவர் ஸஜ்தாவுக்குக் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்த நேரம், மரவள்ளிச் செடிகளுக்கு நடுவிலிருந்து அது வந்தது. முதலில் ஒரு புதர்தான் நகர்கிறது என்று நினைத்தேன். பிறகு கறுப்பும் வெள்ளையுமாக முட்கள் தெரிந்தன. பின்னால் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே குட்டி ஒன்று, பனியில் உருட்டிவிட்ட தேங்காய் மாதிரி.

பெரியது நேராக அவர் காலடிக்கு வந்தது. மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் செருப்பை மோந்து பார்த்து, வாரை மெல்ல ஆரம்பித்தது. அவருடைய வெறுங்காலுக்கும் அந்த முட்களுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும், அது மிரண்டு பின்பக்கமாகப் பாய்ந்துவிடும். கத்தினாலும் மிரளும். வாயைப் பொத்திக்கொண்டேன். “யா அல்லாஹ், இவரை எழுந்திரிக்க விடாதே” என்று மனதுக்குள் மன்றாடினேன்.

எங்கோ ஒரு கிளை முறிந்தது. சட்டென்று முட்கள் அத்தனையும் விரிந்து கலகலவென்று ஒலித்தன.

அவர் எழவில்லை. நெற்றி தரையிலேயே இருந்தது. அவ்வளவு நீளமான ஸஜ்தாவை நான் பார்த்ததேயில்லை. முட்கள் மெதுவாகப் படிந்தன. வெளிச்சம் துளித்துளியாக ஏறியது. பயந்துகொண்டிருந்தபோதே, அவரை இவ்வளவு நேரம் கண் எடுக்காமல் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. பிடரி நரைத்திருந்தது. குதிகால் வெடித்திருந்தது. இதெல்லாம் எப்போது ஆனது?

அவை எப்படி வந்தனவோ அப்படியே பனிக்குள் போய்விட்டன. அவர் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். “முள்ளம்பன்னிங்க! உங்க கால்கிட்டயே நின்னுச்சு. தெரிஞ்சுதானே எழுந்திரிக்காம இருந்தீங்க?”

“முள்ளம்பன்னியா?” கடிபட்ட செருப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். “மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் வளையல் சத்தம் மாதிரி. நீதான் பின்னாடி உக்காந்து அழறேன்னு நெனச்சேன்.”

“நானா?”

“நான் அங்கேருந்து போன்ல பேசும்போதெல்லாம் அப்படித்தானே கேக்கும்? சளி பிடிச்சிருக்குன்னு சொல்லுவ. இப்பவும் திரும்பினா கண்ணைத் தொடச்சிக்கிட்டு அதையேதான் சொல்லுவ. அதான், அழுது முடிக்கட்டும்னு அப்படியே இருந்தேன். உனக்காகத்தான் அல்லாஹ்கிட்ட துஆ கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

இத்தனை வருடமும் அவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்திருந்தேன். அவரோ ஒவ்வொரு தடவையும் தெரிந்துகொண்டே, “மருந்து சாப்பிடு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கிறார்.

அன்று பனி கலையும்வரை அந்த விரிப்பிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், சளி என்று சொல்லவில்லை. அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மலையிறங்கும்போது டோல்கேட் வந்தது தெரியாத அளவுக்குப் பேசிக்கொண்டே வந்தோம். இன்றும் வீட்டில் அவர் பேசாமல் இருக்கும் நேரங்களில் எனக்குப் பழைய தவிப்பு வருவதில்லை. அந்த மௌனத்துக்குள் எனக்காக எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது.