கடல் பார்த்து வந்த பிறகு

ஓரிடத்தில் சும்மா உட்கார எனக்கு வராது. கடல் பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான். பூண்டு விற்று முடிந்த கையோடு, "பிள்ளைக கடலே பாத்ததில்ல, வெள்ளனே கெளம்புவோம்" என்றார் வீட்டுக்காரர். கொடைக்கானலுக்கு மேலே எங்கள் ஊர். மலையிறங்கி, வத்தலக்குண்டில் பஸ் மாறி, தெற்கே ஒரு பாறைக் கடற்கரைக்குப் போனோம். வனத்துறை காக்கிற இடமாம். எதையும் பொறுக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது என்று வாசலிலேயே பலகை இருந்தது.

பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் நண்டும் மீன் குஞ்சுமாகக் கிடந்தன. பத்து வயது மகள் பாறைக்குப் பாறை தாவினாள். மலையில் வளர்ந்த கால் அல்லவா! பின்னாலேயே அவள் தம்பியும் ஓடினான். "ஏ பிள்ள, அங்கிட்டுப் போகாத! ஏலே, அக்கா கையப் பிடி!" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

"செத்த சும்மா இரேன். நீ கத்துனா கடலு நின்னுருமா?" என்று சிரித்துவிட்டு அவர் டீ வாங்கி வரப் போனார்.

அந்த நேரம் பார்த்து ஆறு வயதுச் சின்னவனுக்கு ஒன்றுக்கு வந்தது. பெரிய பாறைக்குப் பின்னால் கூட்டிப்போனேன். திரும்பி வந்து பார்த்தால், மகள் நின்ற பாறையைச் சுற்றிக் கடல் ஏறியிருந்தது. அவள் நட்டு வைத்ததுபோல் நின்றாள். ஓர் அலை அவள் கணுக்காலை நனைத்தது. அடுத்தது முழங்காலுக்கு வந்தது. "ஓடியாடி!" என்று அலறினேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சின்னவனை மேட்டில் உட்கார வைத்துவிட்டுச் சேலையோடு தண்ணீரில் இறங்கினேன். எப்படி அவளைத் தூக்கி வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

கரைக்கு வந்ததும் முதுகில் ஒன்று வைத்தேன். "கிறுக்குப் பிள்ள! தண்ணி ஏறுறது தெரியல? ஓடி வர வேண்டியதுதான?"

"நீதானம்மா சொல்லிருக்க, அம்மாவக் காணலன்னா நின்ன எடத்துலயே நிக்கணும்னு."

சொன்னது நான்தான். எங்கள் ஊரில் மேகம் இறங்கினால் நீட்டிய கை தெரியாது. ஓர் எட்டு மாற்றி வைத்தால் பள்ளம். அதனால் நடக்கப் பழகியதிலிருந்தே பிள்ளைகளிடம் அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தோம். அதைத்தான் அவள் கடலிலும் செய்திருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "இனிமே பயமாருந்தா நிக்காதடி. ஓடி எங்கிட்ட வந்துரு" என்றேன். பதற்றத்தில் வாயில் வந்த பேச்சு.

ஊர் திரும்பிச் சில வாரம் இருக்கும். எங்கள் பூண்டுக் காடு மலைச்சரிவில் படிப்படியாக வெட்டியது. பிள்ளைகள் அதன் கடைசிப் படியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் மேல்படியில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். மேகம் சட்டென்று மூடியது. கடைசிப் படிக்கு அப்பால் வேலி கிடையாது, அதலபாதாளம். கடற்கரையில் நான் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. களைக்கொத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

வெள்ளைக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது. "அம்மா, நிக்கவா? ஓடியாரவா?"

"நில்லு! அசையாத! நான் வர்றேன்!"

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். வெரசா வாம்மா."

தரையைக் கையால் தடவித் தடவி, படிக்குப் படி உட்கார்ந்தே இறங்கினேன். வழியெல்லாம் "நில்லு, நில்லு" என்று சொல்லிக்கொண்டே போனேன். கை அவள் பாவாடையில் பட்ட பிறகுதான் மூச்சு வந்தது. ஒரு கையில் தம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். மறு கையில் அவளுடைய செருப்புகள் இருந்தன.

"செருப்ப ஏன்டி கழட்டுன?"

"நீ ஓடியான்னு சொன்னா ஓடணும்ல."