ஆந்தையும் மிளகாயும் கோயிலில் சந்தித்தபோது

2007 குளிர்காலம். மொன்ட்ரியாலில் கர்க்லாண்ட் பகுதியில் அப்போது குடியிருந்தோம். எனக்கு ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிக்கும் வேலை. நாள் முழுக்கக் கணினியோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்வேன் தெரியுமா? மறுபடியும் கணினி முன்னால் உட்கார்ந்து, கணினியைப் பற்றிச் சண்டை போடுவேன்.

சிரிக்காதீர்கள். தமிழில் கணினி பற்றிப் பேசுவதற்கென்றே அப்போது ஓர் இணைய மன்றம் இருந்தது. எந்த மடிக்கணினி தேவலை, எந்த இயங்குதளம் உசத்தி, ஆண்டிவைரஸ் தேவையா இல்லையா என்று பக்கம் பக்கமாக வாக்குவாதம் நடக்கும். யாரும் சொந்தப் பெயரில் எழுதமாட்டார்கள். ஒரு புனைபெயர், பக்கத்தில் ஒரு சின்னப் படம், அவ்வளவுதான். என் படம் ஆந்தை. நான் பாதுகாப்பைப் பற்றியே எழுதுகிறவள், ராத்திரியிலும் கண் மூடாத பறவை பொருத்தமாக இருக்கும் என்று வைத்தேன். எல்லோரும் என்னை ஆம்பளை என்றே நினைத்து "ஆந்தை அண்ணே" என்றார்கள். நானும் திருத்தவில்லை. இணையத்தில் பேர், ஊர், முகம் எதையும் கொடுக்கக்கூடாது என்பது என் கொள்கை. சாவு, அவசரம், உதவி ஆகிய மூன்று வார்த்தைகளும் ஒரே கடிதத்தில் வந்தால் திரும்பிப் பார்க்காமல் ஓடுங்கள் என்று நீளமாக ஒரு பதிவே போட்டிருந்தேன்.

அங்கே எனக்கு ஒரு ஜென்ம விரோதி உண்டு. காய்ந்த மிளகாயைப் படமாக வைத்திருந்த ஒருவர். எழுத்திலும் அதே காரம். எங்கள் சண்டை எல்லாம் தமிழ் எழுத்துருவைப் பற்றித்தான்.

அன்றைக்கு நிலைமை இப்படி: பழைய தமிழ் எழுத்துருவில் எழுத வேண்டுமென்றால் அதற்கென ஒரு சின்ன மென்பொருளை நிறுவ வேண்டும். நாம் அழுத்துகிற ஒவ்வொரு எழுத்தையும் அது நடுவில் பிடித்துத் தமிழாக மாற்றித் தரும். கடவுச்சொல் திருடுகிற மென்பொருளும் அதே மாதிரி நடுவில்தான் பிடிக்கும். ஆண்டிவைரஸுக்கு இரண்டும் ஒன்றுதான், உடனே கத்தும். நம்மவர்கள் என்ன செய்வார்கள்? ஆண்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவிக்கொள்வார்கள். டொரன்டோவிலிருந்து பாரிஸ் வரைக்கும் தமிழர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த வழி அது. இது ஆபத்து, கணினியிலேயே யூனிகோட் தமிழ் வந்துவிட்டது, பழசைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். தமிழைக் கண்டால் குரைக்கிற நாய் தன் வீட்டுக்குத் தேவையில்லை என்று மிளகாய் எழுதினார். நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைக்கிறவரிடம் எனக்கு என்ன பேச்சு என்று நானும் விடவில்லை. மன்றத்தில் இதைப் படிக்கவே ஒரு கூட்டம் வரும்.

பிப்ரவரி வாக்கில் மிளகாய் திடீரென்று காணாமல் போனார். எனக்குச் சப்பென்றாகிவிட்டது. யார் இந்த ஆள், எந்த ஊர், ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஒரு நாள் எனக்கு மட்டும் தனிச்செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்.

மனைவி இறந்துவிட்டார். வருகிற வாரம் முப்பத்தோராம் நாள் பூசை. அதற்கு வெளியிட வேண்டிய நினைவு மலர் முழுவதும் கணினிக்குள் இருக்கிறது. பாரிஸிலிருந்து உறவினர் ஒருவர் புது எழுத்துரு என்று அனுப்பியதை வழக்கம்போல ஆண்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவியிருக்கிறார். அதிலிருந்து கணினி தானாக அணைவதும் எழும்புவதுமாக இருக்கிறது. கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் சரிசெய்ய முடியும் என்கிறார். பனி அள்ளுகிற வண்டி உங்கள் காரை மூடிவிட்டுப் போனதாக மொன்ட்ரியால் நகரசபையைத் திட்டி ஒருமுறை எழுதினீர்களே, நானும் இங்கேதான், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். இதுதான் செய்தி.

சாவு, அவசரம், உதவி. மூன்றும் இருந்தன. நிஜமாக இருந்தால் பாவம், மோசடியாக இருந்தால் நான் எழுதி வைத்த பாடத்திலேயே நான் மாட்டினேன். ஏன் தமிழில் எழுதவில்லை என்று கேட்டுப் பார்த்தேன். பதில் வந்தது: இது வேலை செய்கிற இடத்துக் கணினி, இதில் எழுத்துரு போட விடமாட்டார்கள், விட்டிருந்தால் இந்தக் கோலத்தில் எழுதுவேனா? துக்கத்திலும் அந்தக் காரம் போகவில்லை. சந்தேகமே இல்லை, இது மிளகாய்தான்.

ஆனாலும் முன்பின் தெரியாத வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. செயின்ட்-ரெஜிஸ் சாலையில் இருக்கும் முருகன் கோயிலுக்கு ஞாயிறு மதியம் கணினியைக் கொண்டுவரச் சொன்னேன். நாலு பேர் நடமாடும் இடம். நீ எழுதின பதிவை நீயே படிக்க மாட்டியா என்று கேட்டுக்கொண்டே என் கணவரும் துணைக்கு வந்தார். அவருக்குக் கோயில் சாம்பார் சாதத்தின் மேல் ஒரு கண்.

வாகனம் நிறுத்துமிடத்தில் கறுப்பு மேலங்கி போட்ட ஒருவர் நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காரின் பின்சீட்டில் கணினிப் பெட்டியைப் போர்வையால் சுற்றி, சீட் பெல்ட்டும் போட்டு வைத்திருந்தார். நான் போய் நின்றதும் என்னைத் தாண்டி என் கணவருக்கு வணக்கம் சொன்னார். ஆந்தை நான்தான் என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"நான் ஒரு பெடியன் எண்டெல்லோ நினைச்சன்" என்றார். கொஞ்சம் தயங்கி, "நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். பெட்டியோட உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்டார். முருகன் ஒன்றும் சொல்லமாட்டார், காலணியை மட்டும் கழற்றிவிடுங்கள் சார் என்றேன். சார் வேண்டாம், அண்ணை என்றால் போதும் என்றார்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மூலை மேசையைக் கேட்டு வாங்கினோம். வீட்டிலிருந்து திரையும் விசைப்பலகையும் கொண்டுபோயிருந்தேன். கணினியின் சொந்த இயங்குதளத்தைத் தொடாமல், ஒரு குறுந்தகட்டிலிருந்தே லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தை ஓட்டினேன். மெதுவாகத் திரை விரிந்தது. அவருடைய கோப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. அப்பாடா என்று ஒன்றைத் திறந்தேன்.

உள்ளே முழுக்கக் குப்பை. அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள். அடுத்ததைத் திறந்தேன், அதுவும் அப்படியே. மலரில் இலங்கையில் மன்னாரிலிருந்து அவர் மச்சாள், அதாவது மனைவியின் தங்கை, எழுதியதும் இருக்கிறது, அங்கே மறுபடி சண்டை, போன் கிடைப்பதில்லை, அதைத் திரும்ப வாங்க முடியாது என்று வரும்போதே சொல்லியிருந்தார். எல்லாம் கெட்டுப்போயிருக்கிறது அண்ணை என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

அவர் திரைக்குக் கிட்டே குனிந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார்.

"பொறுங்கோ பிள்ளை. இது பழுதாகேல்லை. இது எங்கட எழுத்துத்தான்."

மேசையில் இரண்டு கைகளையும் வைத்தார். திரையைப் பார்த்தபடி, வெறும் மேசையில் விரல்களால் தட்டத் தட்ட, வாய் வாசித்துக்கொண்டே போனது: "அக்கா, நீ விட்டுப்போன தையல் மெஷினில்தான் இன்றைக்கும் தைக்கிறேன். என் மகள் மாதா கோயிலில் முதல்நன்மை வாங்கிய அன்று போட்ட சட்டையையும் அதில்தான் தைத்தேன்..."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய எழுத்துரு என்பது ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போடுவது மாதிரி. லினக்ஸில் அந்தச் சட்டை இல்லை, அதனால் உள்ளே இருந்த ஆங்கில எழுத்து தெரிந்தது. பல வருடமாக அதே விசைகளை அடித்தவருக்கு எந்த எழுத்து எந்தத் தமிழ் என்று விரலுக்கே தெரியும். புத்திக்கு இது எனக்கும் தெரிந்த சமாசாரம்தான். ஆனால் ஒரு மனிதர் அதைச் செபப் புத்தகம் மாதிரி வாசிப்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை. இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன்.

"என்ர மனுசி பழக்கினது. ஊரில அவ டைப்பிஸ்ட். இஞ்ச வந்த புதுசில, விசையைப் பாக்காமல் அடியுங்கோ எண்டு என்ர கண்ணைப் பொத்துவா."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. சாம்பார் சாதத் தட்டோடு வந்த என் கணவர் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். புது முறைக்கு மாறுங்கள், பழசைத் தூக்கிப் போடுங்கள் என்று எத்தனை பக்கம் எழுதியிருப்பேன்! அவர் எதைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவரும் சொன்னதில்லை, மிளகாய் அதையெல்லாம் சொல்லுமா?

கோப்புகளை எல்லாம் ஒரு பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தேன். அச்சகத்தில் அதே எழுத்துரு இருந்ததால் மலர் பூசைக்கு வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அதே வாகன நிறுத்துமிடத்தில் எனக்கு ஒரு பிரதி தந்தார். தமிழ்நாட்டில் எங்கள் பக்கத்தில் இறந்தவருக்கு மலர் வெளியிடும் வழக்கம் இல்லை, அதனால் கார் கண்ணாடியில் பனி படியப் படிய உட்கார்ந்து அட்டையிலிருந்து வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் பகுதி. பங்குத்தந்தை, உறவினர், அச்சகத்தார் எல்லோருக்கும் கீழே, "பெயர் கேட்க மறந்த ஆந்தைப் பிள்ளைக்கும்" என்று இருந்தது. உண்மைதான், நானும் அவர் பெயரைக் கேட்டிருக்கவில்லை.

அந்த வாரமே மிளகாய் மன்றத்துக்குத் திரும்பினார். ஆந்தையாருக்கு இன்னும் ஒண்டும் விளங்கேல்லை என்று ஆரம்பித்து, யூனிகோட் பற்றி நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் மறுப்பு. நானும் சளைக்காமல் பதில் கொடுத்தேன். ஆண்டிவைரஸை நிறுத்தாதீர்கள் என்பதில் இன்றுவரை எனக்கு மாற்றுக்கருத்து கிடையாது. எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்தது மன்றத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் அதற்கப்புறம், இணையத்தில் யாராவது விடாப்பிடியாக என்னை எதிர்த்து எழுதினால், பதில் அடிப்பதற்கு முன்னால் கையை ஒரு நிமிடம் விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தில் இருக்கிறவரின் கண்ணை ஒரு காலத்தில் யார் பொத்தியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்கிறேன்.